நித்தியகல்யாணி கஷாயம் புற்றுநோயைக் குணப்படுத்துமா? இலைக்கும் ஊசிக்கும் நடுவே இருக்கும் 500 கிலோ கணக்கு

ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் இந்த மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். வெள்ளையும் ரோஸுமாக ஐந்து இதழ் பூ, கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: இந்தச் செடியில்தான் புற்றுநோய்க்கு மருந்து இருக்கிறது, பத்து இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும், மருந்து கம்பெனிகள் இதை மறைக்கிறார்கள். ரீல்ஸ் வடிவத்திலும் இது சுற்றுகிறது.

இந்த மெசேஜின் சிக்கல் என்னவென்றால், இது முழுப்பொய் கிடையாது. முதல் பாதி உண்மை. நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த மருந்துகள் அறுபது வருடங்களுக்கு மேலாகப் புற்றுநோய் வார்டுகளில் பயன்பாட்டில் இருக்கின்றன. பாதி உண்மையாக இருப்பதால்தான் படித்தவர்களும் நம்பிவிடுகிறார்கள். வீட்டில் யாருக்காவது கீமோ நடக்கும்போது இந்த இரண்டாவது பாதியை நம்பினால் உயிருக்கே ஆபத்து. எது உண்மை, எங்கே கதை மாறுகிறது என்று வரிசையாகப் பார்ப்போம்.

எந்தச் செடி? என்ன மருந்து?

நித்தியகல்யாணி, பட்டிப்பூ, சுடுகாட்டுப்பூ என்று ஊருக்கு ஒரு பெயர். கோயில் நந்தவனத்திலும் இருக்கும், ரயில் தண்டவாள ஓரத்திலும் இருக்கும். தண்ணீர் இல்லாவிட்டாலும் வருடம் முழுக்கப் பூக்கும், அதனால்தான் நித்திய. நம்ம ஊர்ச் செடி போலவே தெரிந்தாலும் இதன் தாயகம் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவு. தாவரவியல் பெயர் கேத்தராந்தஸ் ரோசியஸ்.

இதன் உடலில் நூறுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. ஆல்கலாய்டு என்றால் தாவரங்கள் தயாரிக்கும், நைட்ரஜன் கலந்த ஒரு வகை வேதிப்பொருள். காபியின் கஃபீன், புகையிலையின் நிகோடின், மிளகின் பைப்பரின் எல்லாமே இந்தக் குடும்பம்தான். பெரும்பாலும் பூச்சி, பூஞ்சையிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி வைத்திருக்கும் ஆயுதங்கள் இவை. நித்தியகல்யாணியை ஆடு மாடு வாய் வைக்காததற்கும் இதுதான் காரணம்.

அந்த நூறில் இரண்டுதான் நம் கதையின் நாயகர்கள்: வின்பிளாஸ்டைன், வின்கிரிஸ்டைன்.

சர்க்கரைக்குத் தேடினார்கள், புற்றுநோய்க்குக் கிடைத்தது

ஜமைக்காவில் இந்த இலையைக் கொதிக்க வைத்து சர்க்கரை நோய்க்குக் குடிக்கும் வழக்கம் இருந்தது. 1952இல் ஜமைக்காவிலிருந்து கனடாவில் இருந்த கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே 25 இலைகள். இவர் இன்சுலின் வரலாற்றில் ஓரமாக நிற்கும் மனிதர். 1921இல் பேன்டிங்குக்கு உதவியாளராக முதலில் யார் போவது என்று இவரும் சார்லஸ் பெஸ்ட்டும் டாஸ் போட்டதாகவும், அதில் பெஸ்ட் ஜெயித்ததாகவும் சொல்வார்கள்.

கிளார்க் அந்த இலைகளைத் தன் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். ராபர்ட், வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர். சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை அளவு குறையவில்லை. ஊசியாகப் போட்டார். சில நாட்களில் எலிகள் கிருமித்தொற்றில் செத்துப்போயின.

இந்த இடத்தில் சோதனை தோற்றுவிட்டது என்று ஃபைலை மூடியிருக்கலாம். அவர் மூடவில்லை. எலிகள் ஏன் செத்தன என்று தேடினார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன, எலும்பு மஜ்ஜை காலியாகிக் கிடந்தது. அப்படியானால் வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோயில் இதைப் பயன்படுத்திப் பார்க்கலாமே என்ற கேள்வி வந்தது. வேதியியலாளர் சார்லஸ் பீர் அவருடன் சேர்ந்தார். 1958இல் வின்பிளாஸ்டைனைத் தனியாகப் பிரித்தெடுத்த செய்தியை உலகுக்குச் சொன்னார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வோபோடா குழுவும் இதே செடியைச் சோதித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்தது வின்கிரிஸ்டைன். 1963இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அதற்கு ஒப்புதல் கொடுத்தது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நாட்டு வைத்தியம் ஆராய்ச்சிக்கு வழி காட்டியது, ஆனால் அது சொன்ன நோய் வேறு. புற்றுநோய் விஷயம் அந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தவர்கள் சொல்லி வந்ததல்ல, எலிகளின் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது.

செல்லுக்குள் என்ன செய்கிறது?

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது அதன் குரோமோசோம்கள் சரிபாதியாக இரண்டு பக்கமும் போய்ச் சேர வேண்டும். அதற்காக செல்லுக்குள் மெல்லிய நுண்குழாய்கள் உருவாகி, கயிறு கட்டி இழுப்பது போல ஒவ்வொரு பாதியையும் தன் பக்கம் இழுக்கின்றன. இந்தக் கயிறு டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்து உருவாவது.

வின்பிளாஸ்டைனும் வின்கிரிஸ்டைனும் அந்த டியூபுலினில் போய் ஒட்டிக்கொள்கின்றன. கயிறு சரியாகத் திரிவதில்லை. பிரியத் தொடங்கிய செல் பாதியில் மாட்டிக்கொண்டு நின்று, கடைசியில் செத்துப்போகிறது. புற்று செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பவை என்பதால் அதிகம் மாட்டுவது அவைதான்.

ஆனால் உடம்பில் வேகமாகப் பிரிவது புற்று செல் மட்டுமா? முடி வளரும் வேர், எலும்பு மஜ்ஜை எல்லாம் அப்படித்தான். கீமோவில் முடி கொட்டுவதும், வெள்ளை அணுக்கள் குறைவதும் இதனால்தான்.

இன்னொரு பாதிப்பும் உண்டு. நரம்பு செல்கள் பிரிவதில்லை, ஆனாலும் வின்கிரிஸ்டைன் அவற்றைப் பாதிக்கும். முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் நுனி வரை ஓடும் நரம்பு இழைக்குள் சரக்குகள் போய்வரும் தண்டவாளமே அந்த நுண்குழாய்கள்தான். தண்டவாளம் சேதமானால் நீளமான நரம்புகள் முதலில் அடிவாங்கும். கால் மரத்துப்போவது, விரல் கூசுவது, சட்டைப் பட்டன் போட முடியாமல் போவது, கடும் மலச்சிக்கல் இவையெல்லாம் இந்த மருந்தின் தெரிந்த பக்க விளைவுகள். பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று பல சிகிச்சை முறைகள் வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

வின்பிளாஸ்டைனுக்கும் வின்கிரிஸ்டைனுக்கும் வேதியியல் வித்தியாசம் ரொம்பச் சின்னது. ஒன்றில் ஒரு மூலையில் மெத்தில் தொகுதி, மற்றதில் அதே இடத்தில் ஃபார்மில் தொகுதி. அவ்வளவுதான். ஆனால் முதலாவது எலும்பு மஜ்ஜையை அதிகம் பாதிக்கும், இரண்டாவது நரம்பை. இவ்வளவு நுணுக்கமாக நடந்துகொள்ளும் பொருளை, எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாத ஒரு டம்ளர் கஷாயத்தில் எதிர்பார்ப்பது சரிவருமா?

இந்த மருந்து உண்மையில் எதைச் சாதித்தது?

1960களின் தொடக்கத்தில் குழந்தைகளுக்கு வரும் தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் ஐந்து வருடம் பிழைத்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இன்று வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். இந்த மாற்றத்தை ஒரே மருந்து கொண்டுவரவில்லை. அமெரிக்காவின் தேசிய புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரேயும் எமில் ஃப்ரைரைக்கும் வின்கிரிஸ்டைனுடன் வேறு மூன்று மருந்துகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். தனித்தனியாகக் கொடுத்தபோது சில மாதங்களில் திரும்பி வந்த நோய், கூட்டாகக் கொடுத்தபோது பின்வாங்கியது. கூட்டு சிகிச்சை என்ற யோசனை நிலைபெற்றது இப்படித்தான்.

இந்தியாவிலும் இதற்கு ஒரு கதை இருக்கிறது. 1980களில் சென்னை அடையாறு புற்றுநோய் மையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றத் தொடங்கின. நம் நாட்டு மருத்துவமனை வசதிக்கு ஏற்ற மாதிரி அமைந்த முறை அது. வின்கிரிஸ்டைன் அதில் முக்கியமான மருந்து. அதற்கு முன்பு இருந்ததை விடப் பிழைத்த குழந்தைகளின் விகிதம் கணிசமாக உயர்ந்தது.

இன்றும் நிணநீர்ச் சுரப்பிப் புற்றுகள், குழந்தைகளுக்கு வரும் சிறுநீரகப் புற்று, கண் புற்று என்று பல இடங்களில் வின்கிரிஸ்டைன் தேவைப்படுகிறது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுக்கான வழக்கமான நான்கு மருந்துக் கூட்டணியில் வின்பிளாஸ்டைன் ஒன்று. இந்த இரண்டும், இவற்றின் வழியில் பிரான்ஸில் உருவான வினோரெல்பினும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன.

அப்போ இலையைக் கொதிக்க வைத்தால் என்ன?

ஒரு சின்ன கணக்கு போடுவோம். ஒரு கிராம் வின்பிளாஸ்டைன் எடுக்க சுமார் 500 கிலோ காய்ந்த இலை தேவை. வின்கிரிஸ்டைனுக்கு இதைவிடப் பல மடங்கு.

ஹாட்ஜ்கின் சிகிச்சையில் உடல் பரப்பளவில் ஒரு சதுர மீட்டருக்கு 6 மில்லிகிராம் வின்பிளாஸ்டைன் கொடுப்பார்கள். சராசரி உடல்வாகு உள்ள பெரியவருக்கு சுமார் 10 மில்லிகிராம் ஆகும். 500 கிலோவுக்கு ஒரு கிராம் என்றால் 10 மில்லிகிராமுக்கு 5 கிலோ காய்ந்த இலை. அதுவும் ஒரே ஒரு ஊசிக்கு. ஃபார்வர்ட் சொல்லும் பத்து இலையில் என்ன கிடைக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒன்றும் கிடைக்காது, குடித்தால் கெடுதலும் இல்லை என்று விட்டுவிடலாமா? முடியாது. காரணங்கள் இவை:

- இலையில் இந்த இரண்டு மட்டும் இல்லை. ரத்த ஓட்டத்தைப் பாதிக்கும் அஜ்மலிசின் முதல் பெயர் தெரியாத பல வரை நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் சேர்ந்தே வரும். செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் அளவு மாறும்.
- வின்கிரிஸ்டைனும் வின்பிளாஸ்டைனும் ரத்தநாளம் வழியாகத்தான் தரப்படுகின்றன. வாய்வழியாகப் போனால் குடல் எவ்வளவு உறிஞ்சும் என்று நம்பிச் சொல்ல முடியாது.
- வின்கிரிஸ்டைனைக் கல்லீரல்தான் உடைத்து வெளியேற்றுகிறது. அந்த வேலையைத் தடுக்கும் வேறு பொருள் உள்ளே போனால் மருந்து உடம்பில் தேங்கி நரம்பைத் தாக்கும். இட்ரகோனசோல் போன்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரைகளில் இது நன்றாகத் தெரிந்த ஆபத்து. என்ன இருக்கிறது என்றே தெரியாத கஷாயத்தை டாக்டரிடம் சொல்லாமல் குடிப்பது அதே வகை ரிஸ்க்.
- எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு நேரம். கஷாயத்தை நம்பி மூன்று மாதம் தள்ளிப்போட்டால், குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் இருந்த நோய் கைமீறிப் போகலாம்.

ஆய்வகத்தில் புற்று செல்லைக் கொன்றது என்கிறார்களே?

மிளகின் பைப்பரின், மரமஞ்சளின் பெர்பெரின் என்று மாதம் ஒரு செய்தி வரும். பெரும்பாலும் அவை தட்டில் வளர்த்த செல்கள் மீது நடந்த சோதனைகள். தட்டில் இருக்கும் செல்லைக் கொல்வது பெரிய விஷயம் இல்லை. பிளீச்சிங் பவுடரும் கொல்லும். கேள்வி வேறு: சுற்றியுள்ள நல்ல செல்லை விட்டுவைக்குமா, மனித ரத்தத்தில் தேவையான அளவு தங்குமா, ஏற்கெனவே உள்ள சிகிச்சையைவிட நோயாளி அதிக நாள் வாழ்கிறாரா?

தட்டு, விலங்கு, பிறகு பல கட்ட மனிதப் பரிசோதனை என்ற வரிசையில் பெரும்பாலான பொருட்கள் வழியிலேயே விழுந்துவிடும். நித்தியகல்யாணியின் நூற்றுச் சொச்சம் ஆல்கலாய்டுகளில் இயற்கையில் உள்ள வடிவிலேயே புற்றுநோய் வார்டில் நிலைத்தவை இரண்டுதான். அடுத்த முறை இப்படி ஒரு தலைப்பைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது: சோதனை தட்டிலா, எலியிலா, மனிதரிலா?

மருத்துவமனையிலும் கவனம் தேவை: அந்த ஒரு ஊசி

ரத்தப் புற்று சிகிச்சையில் சில மருந்துகளை ரத்தநாளத்திலும், மெத்தோட்ரெக்ஸேட் போன்ற சிலவற்றை முதுகுத்தண்டு நீரிலும் செலுத்துவார்கள். வின்கிரிஸ்டைன் தவறுதலாக முதுகுத்தண்டுக்குள் போய்விட்டால் அநேகமாக மரணம்தான். உலகின் பல நாடுகளில் இந்தத் தவறு நடந்திருக்கிறது. அதனால் 2007இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது: வின்கிரிஸ்டைனை சிரிஞ்சில் தயார் செய்யாதீர்கள், சிறிய சலைன் பையில் கலந்து ரத்தநாளத்தில் மட்டும் ஏற்றுங்கள். பையில் இருக்கும் மருந்தை யாரும் முதுகுத்தண்டு ஊசி என்று குழப்பிக்கொள்ள மாட்டார்கள். எளிய மாற்றம், ஆனால் உயிர் காக்கும் மாற்றம். வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்தால், இது எந்த வழியாகப் போகிறது என்று கேட்பது உங்கள் உரிமை.

மருந்து கம்பெனிகள் மறைக்கிறார்களா?

உண்மை நிலவரம் கிட்டத்தட்ட நேர் எதிர். காப்புரிமை முடிந்த, லாபம் குறைந்த பழைய மருந்து இது. அதனால் மறைப்பதற்கும் ஆள் இல்லை, தயாரிக்கவும் அதிகம் பேர் இல்லை. அமெரிக்காவில் 2019 ஜூலையில் டெவா நிறுவனம் வின்கிரிஸ்டைன் தயாரிப்பை நிறுத்தியது. மிச்சம் இருந்த ஒரே நிறுவனம் ஃபைசர். அங்கும் சப்ளை தாமதமானதும், அக்டோபரில் அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனைகள் யாருக்கு டோஸைக் குறைப்பது என்று யோசிக்கும் நிலை வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு நவம்பரில் டெவா மறுபடியும் தயாரிப்பதாக அறிவித்தது.

இந்தியாவின் நிலை கொஞ்சம் மேல். 1980களிலேயே சிப்லா நிறுவனம் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்துடன் சேர்ந்து இந்த இரு மருந்துகளையும் உள்நாட்டிலேயே தயாரிக்கும் முறையை உருவாக்கியது. வின்கிரிஸ்டைன் நம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது, அதனால் விலைக்கு உச்சவரம்பு உண்டு. ஆனால் மூலப்பொருள் இன்னும் வயலில்தான் விளைகிறது.

வயலிலிருந்து வார்டு வரை

தமிழகத்தின் தென் மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் நித்தியகல்யாணி பயிராகிறது. மழை குறைந்தாலும் தாங்கும், ஆடு மாடு மேயாது, பெரிய செலவில்லை. ஒரு வருடப் பயிர். ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை பறிப்பார்கள், வருட முடிவில் செடியைப் பிடுங்கி வேரையும் எடுப்பார்கள். இலை புற்றுநோய் மருந்துக்கு, வேர் அஜ்மலிசினுக்கு. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணப் பயிர்கள் நிறுவனம் நிர்மல், தவல் என்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

இலையில் மருந்து இவ்வளவு குறைவாக இருக்க ஒரு காரணம் உண்டு. வின்பிளாஸ்டைன் என்பது கேத்தராந்தின், விண்டோலின் என்ற இரண்டு பொருட்கள் சேர்ந்து உருவாவது. செடி முதலாவதை இலையின் மேல்பரப்பு மெழுகிலும், இரண்டாவதை இலைக்கு உள்ளேயும் தனித்தனியாக வைத்திருக்கிறது. இரண்டும் சந்திப்பது அபூர்வம்.

இதற்கு ஒரு மாற்று 2022 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வந்தது. ஜே கீஸ்லிங் பங்கேற்ற, டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு, ஈஸ்ட்டில் 56 மரபணுத் திருத்தங்கள் செய்து, தாவரங்களிலிருந்து 34 மரபணுக்களைச் சேர்த்து, அந்த இரண்டு பொருட்களையும் தொட்டியில் தயாரிக்க வைத்தது. பிறகு ஆய்வகத்தில் இரண்டையும் இணைத்து வின்பிளாஸ்டைன் ஆக்கினார்கள். கிடைத்தது லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவில்தான். ஆலை உற்பத்திக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

இது பெரிய அளவில் வெற்றி பெற்றால் மருந்துத் தட்டுப்பாடு குறையும். வறட்சி, பூச்சி என்ற பயம் இருக்காது. நோயாளிக்கு நல்ல செய்தி. மானாவாரி நிலத்தில் வேறு பயிர் சரியாக வராத விவசாயிக்கு? இலையை வாங்கும் ஆள் குறைவார். இந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

மடகாஸ்கருக்கு என்ன கிடைத்தது?

கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. செடியின் தாயகம் மடகாஸ்கர், குறிப்பு கொடுத்தது ஜமைக்கா, லாபம் போனது வேறு இடத்துக்கு. அன்றைக்கு அதைத் தடுக்கச் சட்டமும் இல்லை. பிற்பாடு 1992இன் பல்லுயிர் ஒப்பந்தம், 2010இன் நகோயா நெறிமுறை என்று வந்தன. இந்தியா 2002இல் பல்லுயிர்ச் சட்டம் கொண்டுவந்தது. அதைச் செயல்படுத்தும் தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. 2024 மே மாதம் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் ஒரு புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. மரபு வளத்தை வைத்துக் காப்புரிமை கேட்பவர் அது எந்த நாட்டிலிருந்து வந்தது, யாருடைய பாரம்பரிய அறிவு என்று சொல்ல வேண்டும் என்கிறது அது. 15 நாடுகள் ஏற்பளித்தால் நடைமுறைக்கு வரும்.

ஆனால் ஈஸ்ட் உதாரணம் புதிய கேள்வியை எழுப்புகிறது. செடியே தேவையில்லை, அதன் மரபணு வரிசை கம்ப்யூட்டரில் இருந்தால் போதும் என்றால் பங்கு யாருக்கு? அடுத்த பத்து வருட வாதம் இதைச் சுற்றித்தான் இருக்கும்.

மொத்தத்தில் நினைவில் வைக்க வேண்டியவை

- நித்தியகல்யாணியில் புற்றுநோய் மருந்து இருப்பது உண்மை. கஷாயம் அந்த மருந்தாகாது.
- கீமோ எடுப்பவர் மூலிகையோ, சத்து மாத்திரையோ எது எடுத்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். திட்டுவார்களோ என்று மறைப்பதுதான் ஆபத்து.
- கால் மரத்துப்போவது, கடும் மலச்சிக்கல், காய்ச்சல் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.
- ஃபார்வர்ட் அனுப்பிய சித்தப்பாவோடு சண்டை போட வேண்டாம். அவர் அக்கறையில்தான் அனுப்பியிருப்பார். ஒரே ஒரு ஊசிக்கு 5 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்ற கணக்கை மட்டும் குரூப்பில் போட்டுவிடுங்கள்.